கப்பலை விட்டு இறங்கினால் சிறையா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா தூத்துக்குடிக்காரர். வெள்ளைக்காரர் காலத்தில் கல்கத்தா போய் இங்கிலீஷ் கம்பெனிக் கப்பலில் கலாசியாக, அதாவது சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். புழுத்த அரிசி போடுகிறார்கள் என்று கேப்டனோடு சண்டை போட்டு, ரங்கூனில் கப்பலை விட்டு ஓடி, பிடிபட்டு மூன்று மாதம் ஜெயிலில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த அவமானத்தில் ஆச்சி கடைசிவரை அவரைப் பற்றிப் பேசியதே இல்லை. சமீபத்தில் பழைய டிரங்குப் பெட்டியில் அவருடைய டிஸ்சார்ஜ் தாள் (கப்பல் வேலை முடிந்து இறங்கும்போது கொடுக்கும் சான்று) கிடைத்தது. கப்பல் லண்டனில் பதிவானது. ஏறிய இடம் கல்கத்தா, இறங்கிய இடம் ரங்கூன், வருடம் 1927. நடத்தை என்ற இடத்தில், கருத்துச் சொல்ல மறுப்பதாகக் கேப்டன் போட்ட முத்திரை இருக்கிறது. அவர் குற்றவாளிதானா? இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தம்பி இப்போது பனாமா கொடியுள்ள சரக்குக் கப்பலில் இருக்கிறான். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. கேட்டால், "லாக் புக்கில் (கப்பலின் நாட்பதிவில்) எழுதிவிடுவேன், உன் சிடிசி (அரசு கொடுக்கும் மாலுமிப் புத்தகம்) போய்விடும்" என்று கேப்டன் மிரட்டுகிறார். அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடப் போகிறேன் என்கிறான். அவனையும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்று அம்மா தூங்காமல் இருக்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவுக்கான பதில். சம்பள பாக்கியைக் கேட்டதற்காகவோ, ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்து இறங்கியதற்காகவோ உங்கள் தம்பியைச் சிறையில் வைக்க முடியாது. ஆனால், சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி நடந்துவிட வேண்டாம் என்று இன்றே அவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் செய்ய வேண்டியதைக் கடைசியில் விவரமாக எழுதியிருக்கிறேன். கொள்ளுத்தாத்தாவின் கதையை முதலில் பார்த்துவிடலாம். அவரை மாட்டவைத்த அதே சட்டத்தில்தான் உங்கள் தம்பிக்கு உதவும் சில விஷயங்களும் முளைத்தன.

1927-இல் லண்டனில் பதிவான கப்பல் என்றால், அதில் வேலை செய்தவர்களை ஆண்டது 1894-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம். அதன் மூலம் 1854-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியாவில் கொண்டுவந்த 1859-ஆம் ஆண்டு மாலுமிகள் சட்டமும், பிறகு வந்த 1923-ஆம் ஆண்டு இந்திய வணிகக் கப்பல் சட்டமும் அந்த அச்சில் வார்த்தவைதான். ஒரு தொழிலாளி ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டால், முதலாளி சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம் என்பதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் பொது நியாயம். மாலுமிக்கு அந்த நியாயம் கிடையாது. அவர் வேலையை விட்டால் அது கிரிமினல் குற்றம். கப்பலை விட்டு ஓடினால் 12 வாரம் வரை சிறை, கடின வேலையோடும் கொடுக்கலாம். கப்பலில் விட்டுவந்த துணிமணி பறிபோகும். அதுவரை உழைத்துச் சேர்ந்த சம்பளமும் பறிபோகும். வேண்டுமென்றே ஒருமுறை கட்டளையை மீறினால் 4 வாரம். தொடர்ந்து மீறினால் 12 வாரம். கேப்டன் மேல் கை வைத்தால் 12 வாரம். பலர் சேர்ந்துகொண்டு கட்டளைக்குப் பணிய மறுத்தாலும் 12 வாரம். உங்கள் வீட்டில் சொல்லும் "மூன்று மாதம்" இந்தப் பன்னிரண்டு வாரமாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு கடுமைக்குச் சொல்லப்பட்ட காரணம், நடுக்கடலில் மாற்று ஆள் கிடைக்காது, ஒருவன் முரண்டு பிடித்தால் எல்லோர் உயிருக்கும் ஆபத்து என்பது. புயலில் பாய் இறக்கச் சொல்லும்போது ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் கப்பலே போய்விடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கப்பலை விட்டு ஓடுவது நடுக்கடலில் நடக்கிற காரியம் இல்லையே. துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலிருந்துதான் ஆள் ஓடுவான். அங்கே மாற்று ஆளும் கிடைப்பான். அப்படியும் அதே 12 வாரம்தான். உயிர்ப் பாதுகாப்பைக் காட்டி எழுதிய சட்டம் பெரும்பாலும் கப்பல் முதலாளியின் கால அட்டவணையைத்தான் காப்பாற்றியது. பறித்த சம்பளத்தில்கூட முதல் உரிமை அவருக்கே. ஆள் ஓடியதால் ஆன செலவை அவர் கழித்துக்கொண்ட பிறகு மிச்சம்தான் அரசு கஜானாவுக்குப் போகும்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் மாலுமிகளுக்காகக் குரல் கொடுத்தவர்களின் முயற்சியால் 1880-இல் அங்கே கப்பலை விட்டு ஓடுவதற்கான சிறைத்தண்டனையை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் எடுத்தது அந்த நாட்டு எல்லைக்குள் மட்டும். 1894 சட்டத்தில் அந்தப் பிரிவைப் படித்தால், "ஐக்கிய ராஜ்ஜியத்தில் தவிர" மற்ற இடங்களில் சிறை உண்டு என்று அப்பட்டமாகவே இருக்கும். லிவர்பூலில் ஒரு மாலுமி கப்பலை விட்டு நடந்தால் சம்பளத்தோடு போயிற்று. அதே கப்பல், அதே கம்பெனி, ரங்கூனில் நடந்தால் ஜெயில். இங்கிலாந்துக்கு வெளியே என்றால் வாரண்ட் இல்லாமலேயே பிடிக்கலாம். இந்தியாவில் கரையில் வேலை செய்தவர்களுக்கும் இதே கதிதான். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்ட தொழிலாளியை மூன்று மாதம் உள்ளே வைக்க வழிசெய்த 13-ஆம் சட்டமும் 1859-இல் வந்ததே. மாலுமிகள் சட்டம் அந்த ஆண்டின் முதலாம் சட்டம். வெள்ளைக்கார முதலாளிகள் அந்த 13-ஆம் சட்டத்தைத் தோட்டங்களில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது நம் ஊர்களில் பலருக்குக் குடும்பக் கதையாகவே தெரியும். அதை 1925-இல்தான் ரத்து செய்தார்கள்.

இனி அந்த அரிசிக்கு வருவோம். புழுத்த சாப்பாட்டைப் பற்றிப் புகார் செய்ய மாலுமிக்கு உரிமையே இல்லாமல் இருந்ததா? உரிமை இருந்தது, காகிதத்தில். சாப்பாடோ தண்ணீரோ கெட்டுப்போயிருக்கிறது என்று மூன்று பேராவது சேர்ந்து புகார் செய்தால் ஷிப்பிங் மாஸ்டரோ (மாலுமிகளைச் சேர்ப்பதையும் இறக்குவதையும் கவனிக்கும் அரசு அதிகாரி) சுங்க அதிகாரியோ வந்து பார்க்க வேண்டும். குறை உண்மை என்றால் கேப்டன் நல்ல சாமான் வாங்கிப் போட வேண்டும். போடாவிட்டால் 20 பவுண்டு வரை அபராதம். கேப்டன் மேல் புகார் சொல்லக் கரைக்குப் போக வேண்டும் என்று ஒரு மாலுமி கேட்டால், கப்பல் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத முதல் நேரத்தில் அனுப்பவும் வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையை யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டுப் புகாருக்கு ஆள் மூன்று வேண்டும், ஒற்றை ஆள் சொன்னால் அந்தப் பிரிவு வேலை செய்யாது. ஆனால் அந்த மூன்று பேரும் "நல்ல அரிசி வரும்வரை வேலை செய்யமாட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது சேர்ந்துகொண்டு கட்டளை மீறிய குற்றம். 12 வாரம். புகாரில் நியாயமில்லை என்று அதிகாரி முடிவு செய்தால் ஆளுக்கு ஒரு வாரச் சம்பளம் வரை போகும். "கப்பல் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரம்" எது என்று முடிவு செய்வதும் கேப்டன், அதாவது யார் மேல் புகாரோ அவரேதான். உங்கள் கொள்ளுத்தாத்தா போன்ற கலாசிகளுக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. அவர்களுக்கும் கேப்டனுக்கும் நடுவே பேசியவர் செராங், அதாவது கலாசிகளின் தலைவர். பல கப்பல்களில் ஆள் சேர்த்ததும் அவர், கடன் கொடுத்திருந்ததும் அவர். அவரை மீறி ஒருவர் அதிகாரியிடம் போய்த் தன் பாஷையில் குறை சொல்லி, அது சரியாகப் போய்ச் சேர்வது என்பது சாதாரணக் காரியம் இல்லை.

சரி, தாளைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் இறங்கிய தேதி இருக்கிறது, ரங்கூன் ஷிப்பிங் அலுவலக முத்திரை இருக்கிறது, கேப்டன் கையெழுத்தும் இருக்கிறது. கப்பலை விட்டு ஓடியவருக்குப் பொதுவாக இப்படி ஒரு டிஸ்சார்ஜ் கிடைக்காது. ஓடினவன் சம்பளக் கணக்கு முடித்து, அதிகாரி முன்னால் நின்று, கேப்டனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டா போவான்? இந்தத் தாள் உண்மை என்றால், அவர் முறைப்படி கணக்குத் தீர்க்கப்பட்டு இறக்கப்பட்டவர். எனவே "ஓடினவர்" என்று வீட்டில் சொல்லிவந்தது தவறு என்பதுதான் என் கணிப்பு. ஜெயிலுக்குப் போனது உண்மையானால், தொடர்ந்து கட்டளை மீறியது அல்லது மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்ய மறுத்தது, இந்த இரண்டில் ஒன்றுக்காக இருக்கவே அதிக வாய்ப்பு. புழுத்த அரிசிக் கதையோடும் இதுதான் பொருந்துகிறது.

அந்த முத்திரையைப் பார்த்தும் கலங்க வேண்டாம். மாலுமி இறங்கும்போது அவருடைய நடத்தை எப்படி என்று கேப்டன் எழுத வேண்டும், அல்லது கருத்துச் சொல்லவில்லை என்று எழுதலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருந்தது. கெட்டவன் என்று எழுதினால் யாராவது காரணம் கேட்கலாம். கருத்தில்லை என்று எழுதினால் காரணம் சொல்லவே வேண்டாம். ஆனால் அடுத்த கப்பலுக்கு ஆள் எடுப்பவர் அதைப் பார்த்ததுமே தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடும் இல்லை. ஒரு மனிதரின் பிழைப்பை ஒற்றை முத்திரையில் முடிக்க முடிந்தது. அவர் அதன்பின் கப்பல் ஏறவில்லை என்றால் காரணம் பயமாக இருக்க வேண்டியதில்லை, எடுத்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்டது அவர் குற்றவாளியா என்று. அன்றைய சட்டப்படி தண்டனை பெற்றவராக இருக்கலாம். வேலை ஒப்பந்தத்தை மீறியதைத் தவிர வேறு எந்தக் குற்றமும் இந்தக் கதையில் எனக்குத் தெரியவில்லை. கேப்டனின் கொடுமையாலோ சாப்பாடு இல்லாமையாலோ மாலுமி கப்பலை விட்டுப் போனால் அது ஓட்டம் ஆகாது என்று இங்கிலாந்து நீதிமன்றங்களே அதற்கு முன் நூறு வருடமாகச் சொல்லிவந்தன. மாலுமிகள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்களைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்ற எண்ணமும் அங்கே பழையதுதான். 1825-இல் மினர்வா என்ற கப்பலின் வழக்கில் நியூ சவுத் வேல்ஸ், இந்தியா "அல்லது வேறெங்கும்" என்று எழுதியிருந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, அந்த "வேறெங்கும்" என்பதை வைத்து மாலுமியை உலகம் முழுக்க இழுத்தடிக்க முடியாது என்று இங்கிலாந்தின் கடல் வழக்கு நீதிபதி ஸ்டோவெல் பிரபு தீர்ப்பளித்தார். நியாயம் தெரியாமல் இல்லை. அதைக் கேட்டு வாங்க லண்டனில் வக்கீல் வேண்டும், ரங்கூன் மாஜிஸ்திரேட் முன் நின்ற கலாசிக்கு அது எட்டாது.

இன்னும் தேட வேண்டும் என்றால் வழி இருக்கிறது. தாளில் கப்பல் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அது கப்பலின் அதிகாரபூர்வ எண். பிரிட்டிஷ் கப்பல்களின் பணியாளர் ஒப்பந்தங்கள், 1863 முதல் 1938 வரை உள்ளவற்றில் பெரும்பகுதி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கப்பல் எண்ணையும் 1927 என்ற ஆண்டையும் கொடுத்துக் கேளுங்கள். கலாசிகளின் பட்டியல் தனித் தாளாக இணைந்திருக்கலாம், அதையும் சேர்த்துக் கேட்க மறக்காதீர்கள். பெயரை வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். எனவே பெயரோடு ஊரையும் வயதையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். லாக் புத்தகமும் கூடவே கிடைத்தால் அதிர்ஷ்டம்.

லாக் புத்தகம் என்றதும் உங்கள் தம்பி விஷயத்துக்கு வந்துவிட்டோம். கேப்டன் மிரட்டுவதும் அதை வைத்துத்தானே. 1854 சட்டத்திலேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. மாலுமி செய்த குற்றம் என்று லாக்கில் எழுதினால், அடுத்த துறைமுகம் சேர்வதற்குள் அதன் நகலை அவரிடம் கொடுக்க வேண்டும், அல்லது அவர் காதில் தெளிவாக விழும்படி வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சொல்லும் பதிலையும் அதே இடத்தில் எழுத வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கோர்ட் அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுக்கலாம். நம்முடைய 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் பழைய தண்டனைப் பிரிவுகளின் சாயலைச் சுமந்துகொண்டு வந்தது போலவே இந்தப் பாதுகாப்பையும் சுமந்து வந்தது. அந்த 1958 சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. உங்கள் தம்பி இருப்பது பனாமா கொடியில் என்பதால் அந்த நாட்டுச் சட்டம் முதலில் பேசும். ஆனாலும் லாக்கில் எழுதியதை வாசித்துக் காட்டி, பதிலைப் பதியும் வழக்கம் உலகம் முழுக்கக் கப்பல்காரர்களுக்குத் தெரிந்ததே.

எனவே கேப்டன் லாக்கை நீட்டினால் தம்பி பயப்பட வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். "படித்துக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், என் பதிலையும் எழுதுங்கள்" என்று மரியாதையாகக் கேட்கட்டும். பதில் இரண்டு வரி போதும்: எந்தத் தேதியிலிருந்து சம்பளம் வரவில்லை, எந்தத் தேதியில் கேட்டேன், வேலையை நிறுத்தவில்லை. படிக்காத எதிலும் கையெழுத்து வேண்டாம். "எல்லாச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளை வைத்து, போட்டால்தான் டிக்கெட் என்பார்கள். அதில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்துப் போடக் கூடாது.

இறங்கி நடந்துவிட வேண்டாம் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இரண்டு. முறையாக இறங்காமல், ஷோர் பாஸ் (கரையில் இறங்கும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் போனால் அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தை மீறியவராகிவிடுவார், அதற்குப் பிடிக்க முடியும். அதைவிட முக்கியம், இன்று அவர் பணம் பாக்கியுள்ள தொழிலாளி. போய்விட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் என்று கம்பெனி கதையைத் திருப்பிவிடும்.

2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது, பனாமாவும் சேர்ந்திருக்கிறது. அதன்படி சம்பளம் மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும். இரண்டு மாதமாவது ஒப்பந்தச் சம்பளம் கொடுக்காவிட்டால், மாலுமியை முதலாளி கைவிட்டதாகவே கணக்கு. உங்கள் தம்பி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். இப்படிக் கைவிடப்பட்டவர்களுக்காகக் கப்பலுக்குக் காப்பீடு இருந்தாக வேண்டும், அதன் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பாக்கிச் சம்பளமும் ஊர் திரும்பும் செலவும் அதிலிருந்து கேட்கலாம். ஆனால் சம்பளம் நான்கு மாதம் வரைதான் அதில் வரும். மூன்று மாதம் ஏற்கெனவே போய்விட்டது. பொறுத்துப் பார்ப்போம் என்று இன்னும் காத்திருந்தால், நான்குக்கு மேல் போகும் ஒவ்வொரு மாதச் சம்பளமும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

கேப்டனிடம் கப்பலின் புகார் நடைமுறைப்படி எழுத்தில் புகார் கொடுக்கட்டும். மற்ற மாலுமிகளும் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. கொள்ளுத்தாத்தா காலத்தில் ஆபத்தாக இருந்த அந்தச் சேர்க்கைதான் இன்று பலம். ஆனால் வேலையை நிறுத்தாமல் செய்யட்டும், நேரம் வரும்போது சட்டப்படி நிறுத்துவது எப்படி என்று பார்த்துக்கொள்ளலாம். துறைமுகம் சேர்ந்ததும் அங்குள்ள துறைமுக அரசின் ஆய்வு அதிகாரியிடமும், சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஆய்வாளரிடமும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்று உடன்படிக்கையிலேயே இருக்கிறது. இங்கே நீங்கள், அவரை அனுப்பிய ஏஜென்சியின் உரிம எண்ணோடு மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்குப் புகார் அனுப்புங்கள். சிடிசி கொடுத்தது இந்திய அரசு. பனாமா கப்பலின் கேப்டன் நினைத்தால் கிழித்துப் போடுகிற தாள் அல்ல அது.

அதிலும் வழி பிறக்கவில்லை என்றால் கோர்ட் உத்தரவு வாங்கிக் கப்பலையே பிடித்துவைக்கலாம். மாலுமியின் சம்பளம் கப்பலோடு ஒட்டிய கடன், கப்பல் கை மாறினாலும் அந்தப் பாத்தியதை போகாது. 1891-ஆம் ஆண்டுக் காலனிச் சட்டத்தின் பேரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2018 வரை இப்படிக் கப்பல்களைப் பிடித்துவந்தது. இப்போது கடல் வழக்குகளுக்கான 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டம் இருக்கிறது. அதில் கடல் பாத்தியதைகளின் வரிசையில் சம்பளத்துக்குத்தான் முதலிடம், அந்த உரிமை இரண்டு வருடம் வரை உயிரோடு இருக்கும். அந்தக் கப்பல் இந்தியத் துறைமுகத்துக்கு வரும் என்று தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

கேப்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த முதலிடத்தில் கேப்டனின் சம்பளமும் சேரும். 1854 சட்டம்தான் மாலுமிகளுக்கு இருந்த அதே உரிமையை அவருக்கும் முழுதாகக் கொடுத்தது. முதலாளி பணம் அனுப்பாத கப்பலில் கேப்டனுக்கும் சம்பளம் வந்திருக்காது என்பதுதான் என் அனுபவம். அந்த மிரட்டலுக்குப் பின்னால் கம்பெனியின் நெருக்கடி இருக்கலாம். தம்பி அவரைத் தனியாகப் பார்த்து, "சார், உங்களுக்கு வந்துவிட்டதா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். கேப்டனும் சேர்ந்து கையெழுத்திட்ட புகாரைக் கம்பெனி லேசில் ஒதுக்க முடியாது.

தம்பியிடமிருந்து எனக்கு உடனே வேண்டியவை: வேலை ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும், கடைசியாகச் சம்பளம் வந்த மாதத்தின் வங்கிக் கணக்கு, கப்பலில் ஒட்டியிருக்கும் காப்பீட்டுச் சான்றிதழின் படம். சான்றிதழில் கீழே இருக்கும் அவசரத் தொடர்பு எண் தெளிவாகத் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். முதல் கடிதம் அங்கேதான் போக வேண்டும்.